ரெட் ஆக்சைடு அடிப்பதற்கு முன்னால் ஒரு நாள்

செட்டிநாட்டு ஊர்களில் அன்னதானக் கொட்டகை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஷெட்டு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மஞ்சுவிரட்டுக் காலரி என்று ஏதாவது ஓர் இரும்பு வேலையை எடுத்து நடத்துகிற காரியக் கமிட்டி, திருப்பணிக் கமிட்டி, அம்பலகாரர்கள், ஊர்ப் பொதுக்காரர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த தடவை உங்கள் ஊரில் வெல்டிங் முடிந்ததும், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், ஒரே ஒரு நாள் வேலையை நிறுத்தி வையுங்கள். அந்த ஒரு நாளில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் ஏணியில் ஏறி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்க்கட்டும். பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்ட இடத்தையெல்லாம் திரும்பப் பற்றவைத்த பிறகு, துருவைத் தடுக்க முதலில் அடிக்கிற சிவப்புப் பெயின்ட்டான ரெட் ஆக்சைடை அடியுங்கள். இவ்வளவுதான். இதற்கு எதற்கு இவ்வளவு நீள மடல் என்றால், இந்த ஒரு நாளைக் கேட்டு நான் மூன்று ஊர்க் கமிட்டிகளிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன், மூன்று இடத்திலும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர் எனக்கு. ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு படித்துவிட்டு, திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறைகளில் ஆறு வருஷம் ஹோல்டர் பிடித்தேன். அப்புறம் இன்ஸ்பெக்ஷன் பக்கம் போய், வளைகுடாவில் பைப்லைன், டேங்க் வேலைகளில் பதினொரு வருஷம். லீவுக்கு வந்தால் ஊரில் கேட்பார்கள், "என்னப்பா, அங்கே வெல்டிங் வேலையா?" என்று. "வெல்டிங்கைப் பார்க்கிற வேலை" என்றால், "பார்க்கிறதுக்குச் சம்பளமா!" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஆடியில் எங்கள் ஊர்க் கோயில் அன்னதானக் கொட்டகையில் ஒரு பர்லின், அதாவது கூரைத் தகரத்தைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், கழன்று விழுந்தது. ராத்திரி நேரம். கீழே அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நாலைந்து நொறுங்கியதோடு போயிற்று. மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் இருநூறு பேர் இலை போட்டுச் சாப்பிட இருந்தார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை, "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்கிறப்ப பர்லின் பறக்காதாப்பா" என்று சொல்லிவிட்டு, விழுந்ததைத் தூக்கி வைத்துத் திரும்பப் பற்றவைக்க ஆளுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். நான் அப்போது லீவில் இருந்தேன். "மாமா, ஒரு மணி நேரம் பொறுங்க, நான் ஏறிப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று கெஞ்சித்தான் மேலே ஏறினேன்.

பர்லினை டிரஸ்ஸோடு, அதாவது கூரையைத் தாங்குகிற குழாய்ச் சட்டத்தோடு, பிடித்துக்கொள்ள ஓர் ஆங்கிள் துண்டு வைப்பார்கள், கிளீட் என்போம். அதன் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு வெல்டு இருக்க வேண்டும். அங்கே இருந்தது இரண்டே இரண்டு டேக், அதாவது தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வைக்கிற பொட்டு வெல்டு. தூக்கி நிறுத்துகிற அவசரத்தில், 'அப்புறம் ஃபுல் வெல்டு போட்டுக்கலாம்' என்று அடித்த டேக். அந்த அப்புறம் வரவே இல்லை. அந்த டேக்கும் கிளீட்டில்தான் ஒட்டியிருந்தது. டிரஸ் குழாயில் ஒட்டவே இல்லை, குழாயின் மேல்தோலை உருக்காமல் மெழுகுவர்த்தி சொட்டியது மாதிரி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. சரி, இது ஒன்றுதான் இப்படியோ என்று பக்கத்துக் கிளீட்டைப் பார்த்தேன். அதில் வெல்டு ஓரமாக முடி கனத்தில் ஒரு விரிசல். கத்தி முனையால் நெம்பினேன். உள்ளே சிவப்பு. துருவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்; துரு என்றால் பொடியாக உதிரும், இது தோலாக உரிந்து வந்தது. ரெட் ஆக்சைடு. விரிசலுக்குள் பெயின்ட் போயிருக்கிறது என்றால், பெயின்ட் அடித்த அன்றைக்கே விரிசல் வாய் திறந்திருந்தது என்றுதானே அர்த்தம்? ஆடிக் காற்றின் மேல் பழியைப் போடுகிறோம், அந்த விரிசலுக்கு நாலு வயசு.

இதில் என் பங்கும் உண்டு. அந்தக் கொட்டகை கட்டி முடித்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். நன்கொடை அனுப்பினேன், என் பேர் கல்வெட்டில் ஏழாவது வரியில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்ற கொட்டகையின் போட்டோ ஊர் வாட்ஸப் குழுவில் வந்தது. நானும் கட்டைவிரல் போட்டு "சூப்பர்" என்று எழுதினேன். அன்று காலையில் சைட்டில், ஒரு ஜாயின்ட்டில் பிரைமர் பட்டுவிட்டது என்பதற்காக ஒரு பங்களாதேஷ் பெயின்ட்டரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்த ஆள் நான்.

விரிசலுக்குள் பெயின்ட் என்றதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு விபத்து ஞாபகம் வரும். 1980 மார்ச் 27, நார்வேக்குப் பக்கத்துக் கடலில் எண்ணெய் எடுக்கிற இடத்தில், தொழிலாளர்கள் தங்குவதற்காக நிறுத்தி வைத்திருந்த 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதவை மேடை புயல்காற்றில் கவிழ்ந்தது. மேலே இருந்தவர்கள் 212 பேர், இறந்தவர்கள் 123 பேர். ஐந்து கால்களில் நின்ற அவ்வளவு பெரிய இரும்பு மேடை எங்கே அறுந்தது என்று தேடிப் போனால், கால்களை இணைக்கிற ஒரு பெரிய குழாயில் வந்து நின்றார்கள். அந்தக் குழாயில், தண்ணீருக்குள் ஒலி கேட்கிற ஒரு கருவியை மாட்டுவதற்காகச் சின்னத் தாங்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். மேடையின் பாரத்தைத் தாங்கவேண்டிய வேலை அதற்குக் கிடையாது, அதனால் அதன் வெல்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டு, அதாவது இரண்டு இரும்பு சேர்கிற மூலையில் போடுகிற வெல்டு, அவ்வளவுதான். அதில் இருந்த விரிசல் அலையில் ஆடி ஆடி வளர்ந்து குழாயையே சுற்றி அறுத்துவிட்டது. அந்த வெல்டின் உடைந்த முகத்தில் பெயின்ட் இருந்ததை விசாரித்தவர்கள் கண்டார்கள். மேடையைக் கடலுக்கு அனுப்புவதற்கு முன்பே, கட்டிய இடத்திலேயே, விரிசலின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கள் கிளீட்டைப் பார்த்தபோது எனக்கு இதுதான் மனசில் ஓடியது. கொட்டகையையும் கடல் மேடையையும் ஒன்றாக்குகிறான் என்று சிரிக்காதீர்கள். பெயின்ட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே குணம்தான்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

இரும்பு வேலை பேசும்போது நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, "கிலோ என்ன ரேட்டு?" கடைசிக் கேள்வியும் அதுதான். லாரி வந்ததும் எடைமேடைக்கு அனுப்பி ரசீது வாங்குவீர்கள், அந்த ரசீதைக் கணக்கப்பிள்ளை ஃபைலில் போடுவார், இரும்புக்கடை பில்லோடு ஒத்துப் பார்ப்பார், ஒரு கிலோ குறைந்தால் போன் போய்விடும். அதில் நம் ஊர்களை யாரும் அசைக்க முடியாது. வருஷம் தவறாமல் ஐந்தொகை எடுத்து, கோயில் கணக்கில் நாலணா இடித்தால்கூட விடிய விடியப் புரட்டிக் கண்டுபிடிக்கிற ஆட்கள் நாம். ஆனால் வெல்டு எந்தக் கணக்கில் வருகிறது?

நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், பேப்பரில் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. ஃபில்லட் வெல்டை வெட்டிப் பார்த்தால் ஒரு முக்கோணம், மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 6 மி.மீ., அந்தப் பக்கத்தைத்தான் வெல்டின் கால் என்போம். பரப்பு 18 சதுர மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்பின் எடை சுமார் 140 கிராம். டன் கணக்கில் நிற்கிற கொட்டகையை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது மீட்டருக்கு 140 கிராம். கிலோ ரேட்டில் காசு வாங்குகிறவருக்கு அந்த 140 கிராமால் என்ன வரும்? ஒன்றும் வராது. ஆனால் அதற்கு ராடு (உருகி வெல்டாகிற கம்பி) செலவு, கரன்ட் செலவு, எல்லாவற்றையும்விட வெல்டரின் நேரச் செலவு. நீங்கள் போட்டுக்கொடுத்த கணக்கே அப்படி இருக்கிறது: சேனல் கனமாகப் போட்டால் அவருக்கு லாபம், வெல்டு முழுதாகப் போட்டால் அவருக்கு நஷ்டம்.

இன்னொரு படி போங்கள். அந்த 6 மி.மீ. வெல்டை 4 மி.மீ. ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? பரப்பு 18-லிருந்து 8 ஆகிவிடும், அதாவது ராடு செலவில் பாதிக்கு மேல் மிச்சம். பலமோ வெல்டின் தொண்டைக் கனத்தை, அதாவது மூலையிலிருந்து வெல்டின் முகம் வரைக்கும் உள்ள குறைந்த கனத்தைப் பொறுத்தது. அது கால் அளவில் 0.7 மடங்கு, 4.2-லிருந்து 2.8 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. மிச்சம் பிடித்ததும் தெரியாது, பலம் போனதும் தெரியாது, ஏனென்றால் கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு 4-ம் 6-ம் ஒன்றுதான். வெல்டை அளக்கிற கேஜ் வைத்தால்தான் தெரியும். அந்தக் கேஜ் பாக்கெட்டில் வைக்கிற சின்னத் தகடு. வைக்கத்தான் ஆள் வேண்டும்.

சரி, அந்த ஒரு நாளில் என்னதான் பார்ப்பாய் என்று கேட்டால், முதலில் கண்ணால். எங்கள் தொழிலில் அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே, காமா கதிர் என்று என்னென்னவோ இருந்தாலும், எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது கண் சோதனைதான். இந்தியத் தரநிர்ணயத்தில் வெல்டுகளைப் பரிசோதிப்பதற்கென்றே ஐ.எஸ். 822 என்று ஒன்று 1970-லிருந்து இருக்கிறது. முதலில் கசடை, வெல்டின் மேல் ஓடு மாதிரி படிகிற அழுக்கை, தட்டச் சொல்வேன். கசடு தட்டாத வெல்டை நான் பார்க்கவே மாட்டேன், மூடி போட்ட பானைக்குள் என்ன குழம்பு என்று சொல்லச் சொன்னால் எப்படி? தட்டிய பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடிப்பேன், அப்போதுதான் பள்ளமும் மேடும் நிழல் காட்டும். வெல்டின் ஓரத்தில் இரும்பு அரித்த மாதிரி ஒரு வாய்க்கால் ஓடினால் அது அண்டர்கட், ஆம்பியர் கூடப் போய்விட்டது என்று அர்த்தம், அல்லது வெல்டர் ஓரத்தில் நிற்காமல் ஓடியிருக்கிறார். 12 மி.மீ. பிளேட்டில் 1 மி.மீ. அண்டர்கட் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். நம் ஊர் டிரஸ்ஸுக்குப் போடுகிற 2 மி.மீ. சுவர்க் குழாயில் அதே 1 மி.மீ. என்றால் அந்த இடத்தில் பாதிக் குழாய் போச்சு. பொடிப்பொடியாக ஓட்டை இருந்தால் பொராசிட்டி: ராடு ஈரம், இல்லாவிட்டால் இரும்பின் மேல் எண்ணெய், பெயின்ட், துரு, நம் பக்கத்துச் செம்மண் புழுதி. உருகுகிற இரும்பைக் காற்று படாமல் கரியமில வாயுவால் மூடிப் பற்றவைக்கிற சி.ஓ.டூ. வெல்டிங் பட்டறைக்குள் அழகாக வரும். அதே மெஷினை நம் பொட்டலில் கொண்டுவந்து வைத்தால் காற்று அந்த வாயுவை ஊதித் தள்ளிவிடும், வெல்டு தேன்கூடு மாதிரி ஆகிவிடும். அப்புறம் வெல்டு முடிகிற இடத்தில் ஒரு குழி விட்டுவிட்டு ராடைத் தூக்கியிருப்பார்கள். அந்தக் குழியில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும். அதை நிரப்பிவிட்டு எடுக்கவேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சலைத் தருவது வேறொன்று. குழாயோடு குழாயைச் சேர்க்கும்போது, ஒரு குழாயின் வாயை மற்றக் குழாயின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டி உட்கார வைக்கவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். நேராக வெட்டி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற சந்து விழும். அந்தச் சந்துக்குள் ராடு துண்டையோ கம்பியையோ செருகி, மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் பார்ப்பதற்குக் குண்டாக, பலமாக, நல்ல வெல்டைவிட நல்ல வெல்டாகத் தெரியும். உள்ளே ஒன்றும் ஒட்டியிருக்காது. இன்னும் சில இடங்களில் வெல்டு கூட இல்லை, பட்டியை அப்பித் தேய்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! பெயின்ட்டுக்கு முன்னால் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடிக்கும்.

சந்தேகப்படுகிற இடத்தில் டி.பி. டெஸ்ட், அதாவது விரிசலுக்குள் சாயம் இறக்கிப் பார்க்கிற சோதனை, செய்யலாம். மூன்று ஸ்பிரே டப்பா, அவ்வளவுதான். ஒன்று சுத்தம் செய்ய, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளைப் பொடி. சுத்தம் செய்த வெல்டில் சாயத்தை அடித்துப் பத்து நிமிஷம் போல விட்டால் முடி விரிசலுக்குள்ளும் சாயம் இறங்கும். பிறகு துணியால் துடைக்கவேண்டும். சுத்தம் செய்கிற திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்கவேண்டும், வெல்டின் மேல் நேரே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். இந்த ஒரு தப்பை டிப்ளமா படித்த ஆட்களே செய்து பார்த்திருக்கிறேன். கடைசியில் வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு தானாகக் கசிந்து வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இதற்கெல்லாம் தாத்தா, சுண்ணாம்பும் எண்ணெயும் வைத்துப் பழைய ரயில்வே பட்டறைகளில் செய்த சோதனை. இப்போதும் தொட்டி செய்கிற பட்டறைகளில் வெல்டின் ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்து, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி, கறை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். (மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்பது வேறு கதை.) இந்த இரண்டு சோதனையுமே பெயின்ட் அடித்த பிறகு பிரயோஜனமில்லை. சாயம் இறங்க வழியிருக்காது.

எக்ஸ்ரேயும் காமா கதிரும் உங்கள் கொட்டகைக்கு வேண்டாம். யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். அது பைப்பும் பாய்லரும் மாதிரி இரண்டு இரும்பின் விளிம்பை நேருக்கு நேர் வைத்து, முழுக் கனத்துக்கும் வெல்டு இறங்கவேண்டிய பட் ஜாயின்ட்டுக்கு. ஃபில்லட் வெல்டைப் படம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கதிர் மூலத்தைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், ஆட்களை விலக்கி வைக்கவேண்டும், அது வேறு உலகம். நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் வெல்டுகளை அல்ட்ராசோனிக் முறையில் சோதித்தார்கள், திருச்சி வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டும் சரிபார்த்தது. ரயில் ஓடுகிற கடல் பாலத்துக்கு அது வேண்டும். அன்னதானக் கொட்டகைக்கு இரண்டு கண், ஒரு டார்ச், ஒரு கேஜ், சந்தேகத்துக்கு மூன்று டப்பா.

"இத்தனை வருஷமா நம்ம ஊர்ல எத்தனை ஷெட்டு போட்டிருக்கோம், எது விழுந்துச்சு?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி, அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கூரையின் பாரம் எப்போதும் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. பர்லின் டிரஸ்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது, டிரஸ் தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெல்டே இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும், செங்கல்லின் மேல் செங்கல் உட்கார்ந்திருப்பது போல. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் பெருங்காற்று புகுந்தால் கதை மாறும். கீழேயிருந்து தள்ளும், மேலேயிருந்து உறிஞ்சும், கூரை மேல்நோக்கிக் கிளம்பும். அந்த நிமிஷம்தான் இந்த இடங்களில் இருக்கிற வெல்டுக்கு முதன்முதலாகப் பெரிய வேலை வருகிறது. பத்து வருஷமாக நின்றது என்றால் பத்து வருஷமாக வெல்டைக் கூப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப் போட்டபோது தகரம் எப்படிப் பறந்தது என்று நம் பக்கத்தில் யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

காலரிக்கும் இதே கதைதான், இன்னும் மோசம். மாடு இந்தப் பக்கம் திரும்பியதும் காலரியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் சாய்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் பிரித்து அடுக்கி, மழையில் போட்டு, அடுத்த தையில் திரும்ப எடுத்து, விட்டுப்போன இடத்தில் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி. வாடகைக்காரரிடம் "போன வருஷப் பைப்பா, இந்த வருஷப் பைப்பா" என்று கேட்பதை விட்டுவிட்டு, முட்டுச் சட்டத்தின் ஜாயின்ட்டுகளைப் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வெல்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நான் சோறு தின்ற தொழிலுக்குத் துரோகம். இதைப் படித்துவிட்டு நீங்கள் நேரே போய் வெல்டரின் சட்டையைப் பிடிப்பீர்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அவர் சித்திரை வெயிலில், சுட்டுக்கொண்டிருக்கிற பைப்பின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் டிரஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலைக்கு மேலே பற்றவைக்கிறார். கீழே நிற்கிற கமிட்டிக்காரர் "இன்னிக்கு முடிஞ்சிருமில்ல?" என்று கேட்கிறார். ஜெனரேட்டரில் ஆம்பியர் ஏறி இறங்குகிறது. கிடங்கில் ஈரத்தில் கிடந்த ராடைத்தான் கொடுக்கிறார்கள். நானே இருபது வயசில் அப்படி எத்தனை டேக் அடித்துவிட்டு இறங்கியிருக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள். நல்ல வெல்டருக்கு இன்ஸ்பெக்டர் வருவது பிடிக்கும். ஏனென்றால் அவருடைய நல்ல வெல்டுக்கும் பக்கத்து ஆளின் மெழுகுச் சொட்டுக்கும் ஒரே கூலி கொடுக்கிறவர்கள் நீங்கள். வித்தியாசம் தெரிந்த ஒரு ஆள் ஏணியில் ஏறினால் அவருக்குத்தான் மரியாதை.

ஆளைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்றும் உண்டு. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வெல்டரிடமும் இரண்டு பிளேட் துண்டைக் கொடுத்து, தலைகீழான ஆங்கில 'T' எழுத்து மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஆறியதும் வெல்டு திறந்துகொள்கிற பக்கமாகச் சம்மட்டியால் அடித்துப் பிளந்துவிடுங்கள். உடைந்த முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும்: மூலை வரைக்கும் உருகிப் போயிருக்கிறதா, உள்ளே கசடு சிக்கியிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று. தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்காத ஊருக்கு இது புதிதா என்ன? பெரிய கம்பெனிகளில் சர்ட்டிபிகேட் கொடுப்பதற்குச் செய்வதும் இதன் அண்ணன் தம்பிதான்: வெல்டை நறுக்கி வளைத்துப் பார்ப்பார்கள், உடைத்துப் பார்ப்பார்கள்.

"ஆளுக்கு எங்கே போவது?" என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 1952-லிருந்து காரைக்குடியில் என்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை நாட்டுக்கே ஆராய்ந்து சொல்கிற இடம். அதன் மதில்சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், கசடு தட்டாத வெல்டின் மேல் பெயின்ட் அடித்து, ஆறே மாதத்தில் அந்தக் கசடு பெயின்ட்டோடு உதிர்ந்து, அங்கிருந்து துரு ஒழுகிச் சுவரெல்லாம் கோடு போட்டிருக்கிறது. 90 கிலோமீட்டரில் திருச்சி. அங்கே வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் படித்துவிட்டு வந்த பையன்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவன் இருப்பான், பாதிப் பேர் சவுதியிலும் கத்தாரிலும். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வந்திருக்கும்போது பிடியுங்கள்.

அடுத்த ஒப்பந்தத் தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் வேண்டாம், நம் தமிழே போதும்: எந்தெந்த ஜாயின்ட்டுக்கு எத்தனை மி.மீ. வெல்டு, எவ்வளவு நீளம் என்று வரைபடத்தில் இருக்கவேண்டும். பட்டறையில் பிரைமர் அடித்து வரும் சாமானில் பற்றவைக்கிற இடத்தைச் சுற்றிப் பெயின்ட் இருக்கக்கூடாது. வெல்டு முடிந்து, ஊர் சொல்கிற ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜாயின்ட்டில் பெயின்ட். பில்லில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான். இதற்காகக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கல்வெட்டில் ஒரு வரி கூடுதலாக வெட்டினால் வசூலாகிவிடும்.

வரைபடம் போடுகிற என்ஜினீயர்களுக்கும் இதில் வேலை உண்டு. "வெல்டு போடவும்" என்று மட்டும் எழுதினால் அது பூசை மந்திரம் மாதிரி, அவரவர் விருப்பம். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 800-ல் இரும்பின் கனத்துக்கு ஏற்றபடி வெல்டின் குறைந்தபட்ச அளவு தெளிவாகவே இருக்கிறது. 10 மி.மீ. வரை கனமென்றால் 3-க்குக் குறையக்கூடாது, அதற்கு மேல் 20 வரை 5-க்குக் குறையக்கூடாது. தூணின் அடியில் வைக்கிற 12 மி.மீ. பேஸ் பிளேட்டில் 3 மி.மீ. வெல்டைக் கண்டால் அது பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வட்டம் போடுவேன்.

எங்கள் ஊர்க் கொட்டகைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கு மாமாவை ஏணியில் ஏற்றினேன், எழுபத்திரண்டு வயசு. முதலில் திட்டினார். விரிசலுக்குள் இருந்த சிவப்பை அவர் கையாலேயே நெம்பி எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்து, "இதே பட்டறைதான்ப்பா நம்ம ஸ்கூல் ஷெட்டும் போட்டது" என்றார். அன்னதானத்தைப் பத்து நாள் மரத்தடிக்கு மாற்றினார்கள். எட்டு டிரஸ்ஸில் ஐந்தைச் சுரண்டிப் பார்த்துத் திரும்பப் பற்றவைத்தோம். அதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. மீதி மூன்றும் கிழக்குப் பக்கம் அப்படியேதான் நிற்கின்றன, ஸ்கூல் ஷெட்டை இன்னும் யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

மாசியில் வருகிறேன், ஒரு மாத லீவு. கேஜ், டார்ச், டப்பா எல்லாம் என்னிடம் இருக்கின்றன, கூலி வேண்டாம். முதல் வாரம் எங்கள் ஊருக்கு. மீதி நாளில் எந்த ஊர் கூப்பிட்டாலும் வருவேன், ஏணியையும் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளையும் மட்டும் தயாராக வையுங்கள். பெயின்ட்டை அடித்துவிட்டுக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டில் ஏழாவது வரிக்காரன்